மேலிருந்து எக்ஸ், கீழிருந்து டைமண்டு

ஆறே ஆண்டுகள் வேலை செய்தவள் தன் பணிக்காலத்தை நினைவுகூர உட்காருவது எனக்கே சற்று வேடிக்கையாக இருக்கிறது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன், இருபத்தைந்தில் விலகினேன். இப்போது தமிழ் இலக்கியம் படிக்கிறேன். என் இடத்தில் வேலை பார்க்கும் ரேவதி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்திராவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

"அக்கா, இனிமே கேமராவே வீலைப் பாத்து ஓகே சொல்லிடுமாம். பழைய செக் ஷீட்டை எடுக்கச் சொல்லிட்டாங்க. அதுல நாலாவது கட்டத்துக்குப் பக்கத்துல 'எங்கே நின்று பார்த்தது'ன்னு பேனாவால எழுதி ஜெராக்ஸ் போட்டது ஒண்ணு கீதே, அது எதுக்குன்னே இங்க யாருக்கும் தெரியல. உங்களைக் கேட்டா தெரியும்ன்றாங்க. எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்த பொண்ணுங்க கேக்குதுங்க."

அதை எழுதியவர் எங்கள் மேற்பார்வையாளர் தேவராஜ் சார். எழுத நேர்ந்ததற்குக் காரணம் நான். நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். வரிசை தெளிவாகவே இருக்கிறது; அதில் என் பங்கு என்ன என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டிப்ளமோ முடித்த கையோடு, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டருகே வரும் கம்பெனிப் பேருந்தில் ஏறினேன். முதல் மூன்று மாதங்கள் போல்ட் முறுக்கும் அளவையும் பாதுகாப்புக் காலணியின் கடியையும் பழகிக்கொண்டதில் கழிந்தன. நான்காம் மாதம் சோதனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் செய்தது தொழிற்சாலைகளுக்குள் கனமான பொருள்களைச் சுமந்து செல்லும் தாழ்வான தள வண்டி. சாதாரண வண்டி பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால் முன்னே போய், வளைந்து, பின்னே வர வேண்டும். எங்கள் வண்டி நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் நகரும்; மூலைவாக்கில் நகரும்; நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்றும் சுற்றும். சூட்சுமம் சக்கரத்தில் இருந்தது. ஆம்னி வீல் என்போம். அதன் விளிம்பில் டயருக்குப் பதிலாகப் பீப்பாய் வடிவ உருளைகள் சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் அச்சில் தாராளமாக உருளும். சாய்வு இடப்பக்கமாக இருக்கும் சக்கரம் ஒரு வகை, வலப்பக்கமாக இருப்பது இன்னொரு வகை. வண்டிக்கு இரண்டிரண்டு வேண்டும். ஒரே வகை இரண்டும் எதிரெதிர் மூலைகளில் அமைய வேண்டும்.

சரியாக மாட்டிய வண்டியை மேலிருந்து பார்த்தால் நான்கு சக்கரங்களின் உருளைகளும் நடுவை நோக்கிச் சாய்ந்து, பெருக்கல் குறிபோலத் தெரியும். தொழிற்சாலை மொழியில் எக்ஸ். அதே வண்டியை உயர்த்தி, அடியில் படுத்துப் பார்த்தால், தரையைத் தொடும் உருளைகள் எதிர்த்திசையில் சாய்ந்து சாய்சதுரம்போலத் தெரியும். அதை டைமண்டு என்போம். மேலிருந்து எக்ஸ், கீழிருந்து டைமண்டு. கீழிருந்து எக்ஸ் தெரிந்தால் நான்கு சக்கரங்களும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். அப்படி மாறிய வண்டியும் முன்னே பின்னே ஒழுங்காக ஓடும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. பக்கவாட்டிலும் நகரும்; ஆனால் இடது என்றால் வலதுபுறம் போகும், முகத்தை நேராக வைத்துக்கொள்ளத் தெரியாது. நின்ற இடத்தில் சுற்றச் சொன்னால் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி, வண்டி நடுங்கிக்கொண்டே நிற்கும்.

தேவராஜ் சார் செம்பரம்பாக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அவர் பேசுவதெல்லாம் வண்டியைப் பார்த்துத்தான். மனிதர் முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் அதிகம் கண்டதில்லை. வண்டியை உயர்த்தியதும் ஒவ்வோர் உருளையையும் சுண்டுவிரலால் சுழற்றிவிட்டுக் காதைக் கொண்டுபோவார். சத்தம் பிடிக்காவிட்டால், "இன்னா உனக்கு? இன்னா கேடு?" என்று உருளையிடம் கேட்பார். எங்களில் யாரேனும் தவறு செய்துவிட்டதாகத் தோன்றினால் கேட்கவே மாட்டார். அளவு டேப்பை எடுத்து, அதன் முனையை அந்த ஆளின் கையில் கொடுத்து, "புடி" என்பார். அளப்பார். எண்ணைத் தன் தாளில் எழுதுவார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த முனை என் கைக்கு வந்தபோதெல்லாம் என்னை நம்பிக் கொடுத்தாரா, சந்தேகித்துக் கொடுத்தாரா என்று அன்று முழுவதும் யோசிப்பேன். என்னோடு சோதனைப் பிரிவில் இருந்த சுமதி, "அவருக்கே தெரியாதுடி. கை நீட்டுன பக்கம் நீ நிக்கற, அவ்ளோதான்" என்பாள். இருக்கலாம்.

சோதனைக்கு இருபத்தொரு கட்டங்கள் கொண்ட தாள் இருந்தது. நான்காவது கட்டம் 'சக்கரத் திசை'. தளத்தின் நான்கு மூலைகளிலும் சக்கரத்துக்கு மேலே சிறு மூடிகள் உண்டு; வண்டியை உயர்த்தியிருக்கும்போது ஸ்டூலில் ஏறி அவற்றைத் திறந்து மேலிருந்தும் பார்க்கலாம், சறுக்குப் பலகையில் படுத்து அடியில் போய்க் கீழிருந்தும் பார்க்கலாம். தாளில் டிக் போட ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. அதன்பின் ஓட்டச் சோதனை. தளத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கும். தரையில் வரைந்த கோட்டின்மேல் அது எவ்வளவு விலகுகிறது என்று முன்னோட்டம், பின்னோட்டம், பக்கவாட்டு ஓட்டம், சுழற்சி என்று ஒவ்வொன்றிலும் அளப்போம். சுழற்சியில் குண்டு ஒரே புள்ளியில் நின்றால் எனக்கு அன்றைய சாப்பாடு ருசிக்கும்.

நான் சேர்ந்த நான்காம் ஆண்டில் ஒரு வண்டியின் ஓட்டச் சோதனை எல்லாம் முடிந்த பிறகு, தளத்தின் அடியில் பெயிண்ட் உரிந்திருப்பதைக் கண்டார்கள். சக்கரங்களைக் கழற்றி, மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். ஓரளவு காய்ந்ததும் இசக்கி சக்கரங்களை மாட்டினார். வாசலில் லாரி நின்றது. இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க அவகாசம் தரவில்லை. நான்காவது கட்டத்தை மட்டும் மறுபடி பார்த்து டிக் போடச் சொன்னார்கள். பார்த்தேன்; போட்டேன்; வண்டி போயிற்று.

இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து பேர் தங்கிய ஓர் அறையில் இருந்தார். மனைவியும் மகளும் ஊரில். நிரந்தரமாக்கப்படுவோர் பட்டியல் அந்த மாதம் வருவதாக இருந்தது; அதில் தன் பெயர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நிரந்தரமானதும் வீடு எடுத்து, ஜூன் மாதம் மகளை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கிறேன் என்று ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை ஒரு பள்ளி விடாமல் விசாரித்து வைத்திருந்தார். "வேன் வாசலுக்கே வருமாம். நான் ஷிப்டு முடிஞ்சு வரயில அவ வீட்டுல இருப்பா," என்று சாப்பாட்டு வேளையில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, வண்டியை வாங்கிய தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆலை அது. சுமை ஏற்றிப் பக்கவாட்டில் நகர்த்தினால் வண்டி விலகுகிறது, முகம் திரும்பிவிடுகிறது என்றார்கள். கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய பராமரிப்புப் பொறியாளர் வண்டியைத் தூக்கி அடியிலிருந்து எடுத்த படம் என்றார்கள். ஆனால் கைப்பேசியை மிக அருகில் வைத்து ஒரே ஒரு சக்கரத்தைத்தான் எடுத்திருந்தார். எந்த மூலைச் சக்கரம் என்று எழுதவில்லை. எங்கள் வரைபடத்தில் எக்ஸ் இருக்கிறது, வண்டியில் அப்படி இல்லை, ஆகவே சக்கரங்கள் தவறாக மாட்டப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

சனிக்கிழமை காலை மேலாளரின் அறையில் கூடினோம். மேலாளர், ஒப்பந்ததாரரின் ஆள், தேவராஜ் சார், நான், சுவரோரமாக நின்ற இசக்கி.

"அந்த இன்ஜினியர் கீழருந்து பாத்துட்டு, மேலருந்து போட்ட டிராயிங்கோட ஒப்பிடுறாரு சார்," என்றார் தேவராஜ் சார், மேசையைப் பார்த்து. "கீழருந்து பாத்தா எக்ஸ் வராது. வரவும் கூடாது."

"அவர் எப்படியும் பாக்கட்டும். நம்ம ஆளு எப்படிப் பாத்தாங்க? அதான் எனக்கு வேணும்," என்றார் மேலாளர். என் பக்கம் திரும்பினார். "நாலாவது டிக் உங்களுதுதானே?"

"ஆமாம் சார்."

"பாத்துட்டுதானே போட்டீங்க?"

"பார்த்துவிட்டுத்தான் போட்டேன்."

"இன்னா தெரிஞ்சுது?" என்றார் தேவராஜ் சார்.

"எக்ஸ்."

"எங்கருந்து பாத்த?"

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். எக்ஸ் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேல் மூடிகளைத் திறந்தேன் என்பதும் நினைவிருந்தது. ஆனால் அது முதல் சோதனையன்றா, பெயிண்ட் அடித்த பிறகா என்று பிரிக்க முடியவில்லை. மறுபடி டிக் போட்ட அன்று வீட்டுக்குப் போனபோது என் சட்டையின் தோளில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்ததை அம்மா காட்டினார். அடியில் படுக்காமல் தோளில் பெயிண்ட் எப்படி வரும்? அடியில் படுத்து எக்ஸைப் பார்த்திருந்தால் வண்டி தவறு. மேலே நின்று பார்த்திருந்தால் சரி. கையெழுத்து என்னுடையது. பார்த்த கண்ணும் என்னுடையது. நான் நின்ற இடம் மட்டும் என்னிடம் இல்லை.

"நினைவில்லை சார்," என்றேன்.

இசக்கி சுவரிலிருந்து விலகி வந்தார். "என்ன மேடம் இப்படிச் சொல்லுதீய? அன்னைக்கு நீங்க ஸ்டூலுல ஏறி மூடியத் தொறந்தீயள்லா? நான்தான ஸ்டூலப் பிடிச்சேன்?"

"அது எந்த நாள்?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவருக்கும் நாள் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வலது, இடது என்ற எழுத்து சக்கரத்தின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை.

"சரி, திங்கக்கெழம போய்ப் பாத்துக்கலாம்," என்றார் தேவராஜ் சார்.

ஒப்பந்ததாரரின் ஆள் வெளியே வந்ததும் இசக்கியிடம், "இது முடியறவரைக்கும் நீ வராத தம்பி. கூப்புடுறேன்," என்றார். அன்று மதியம் நிரந்தரப் பட்டியல் கையெழுத்துக்குப் போனது. இசக்கியின் பெயரை நிறுத்தி வைத்தார்கள். 'பார்த்தேன், மேலிருந்து' என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டார்கள் என்று சுமதி சொன்னாள். "ஒரு வார்த்தைடி. மேலன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

ஞாயிறு தேவாலயத்தில் பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எதைச் சொல்வது? நான் பொய் சொல்லவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போடவில்லை. நினைவில்லாததை நினைவில்லை என்றேன். இதில் எது பாவம் என்று குருவானவரிடமே கேட்பதற்கும் துணிவு வரவில்லை.

திங்கள் காலை தேவராஜ் சாருடன் அந்த ஆலைக்குப் போனேன். எங்களை எதிர்கொண்ட பராமரிப்புப் பொறியாளர் உற்சாகமாக இருந்தார். "நீங்க சிரமப்பட வேணாம் சார். நேத்தே நாங்க நாலு வீலையும் கழட்டி, லெப்ட்டு ரைட்டு மாத்திப் போட்டுட்டோம். இப்ப கீழருந்து பாருங்க, கரெக்டா எக்ஸ்!"

இசக்கி மாட்டிய நிலையில் அந்த வண்டியைப் பார்க்கும் வாய்ப்பு இனி யாருக்கும் இல்லை.

"இப்போ எப்டி கீது?" என்றார் தேவராஜ் சார், வண்டியிடம்.

"கொஞ்சம் பரவால்ல மாதிரி இருக்கு சார்," என்று பொறியாளர் பதில் சொன்னார். மாற்றுவதற்கு முன்பு இடது என்றால் வண்டி இடதுபுறம் போயிற்றா என்று கேட்டேன். அவர் ஆபரேட்டரைக் கேட்டார். ஆபரேட்டர் எப்போதும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்து நிற்பவராம். தன் இடதா, வண்டியின் இடதா என்பதை அவர் கவனித்ததில்லை. "அது பாட்டுக்கு ஒரு பக்கம் போவும் மேடம், தப்பாப் போச்சுன்னா இன்னொரு பட்டன அமுத்துவேன்," என்றார். நின்ற இடத்தில் சுழற்றிப் பார்த்தீர்களா என்றேன். அந்த இடைவழியில் அதற்கு இடமில்லை, ஒருமுறைகூடச் சுழற்றியதில்லை என்றார்கள்.

தேவராஜ் சார் வண்டியைச் சரக்கேற்றும் வெளித்தளத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். தூக்குக்குண்டைக் கட்டினார். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். அவர் டேப்பை எடுப்பார் என்று கை நீட்டினேன். அவர் ரிமோட்டை வைத்தார்.

"சுத்து."

நான் வண்டிக்குப் பின்னால் போய், அது பார்க்கும் திசையையே பார்த்து நின்றுகொண்டேன். இப்போது சுற்றினால், அவர்கள் மாற்றியதுதான் சரி. இசக்கி மாட்டியது தவறு, நான் போட்ட டிக்கும் தவறு. சுற்றாவிட்டால் இருவரும் தப்பித்தோம். ஒரு வண்டி கட்டளைக்குப் பணியக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒருமுறைதான்.

பொத்தானை அழுத்தினேன். நான்கு சக்கரங்களும் உறுமின. உருளைகளின் ரப்பர் தரையில் தேய்ந்து கருகும் வாசனை வந்தது. வண்டி நடுங்கியது. குண்டு நாலாபுறமும் ஆடியது. வண்டியின் முகம் திரும்பவே இல்லை.

"வுடு," என்றார் தேவராஜ் சார். பிறகு பொறியாளரை முகம் பார்த்து, "எங்காளு போட்ட மாதிரியே போடுங்க சார்," என்றார்.

மாற்றி மாட்ட இரண்டு மணி நேரமாயிற்று. மீண்டும் அழுத்தியபோது வண்டி தளத்தோடு வழுக்கிக்கொண்டு ஒரு முழுச்சுற்றுச் சுற்றிற்று. குண்டு புள்ளியை விட்டு நகரவில்லை. சுமை ஏற்றி அவர்களுடைய இடைவழியில் பக்கவாட்டில் விட்டால் மட்டும் முன்போலவே விலகியது. தேவராஜ் சார் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றினார். தண்ணீர் தேங்காமல் ஓடி, சுவரோரக் கால்வாயில் விழுந்தது. கழுவிவிடும் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள்.

திரும்பும்போது, "அவன்கிட்ட நீயே சொல்லிடு," என்றார் சார். வாகனத்திலிருந்தபடியே இசக்கியை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ மேலருந்துதான் பாத்தீய. இப்ப ஞாபகம் வந்துட்டா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்று சொல்ல மிகவும் விரும்பினேன். மேலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் நினைவு வரவில்லை. "இல்லை. வண்டி சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்," என்றேன்.

"வண்டிக்கு இருக்குத ஞாபகம்கூட..." என்று தொடங்கி, நிறுத்தி, "சரி மேடம். வச்சிருதேன்," என்றார்.

மறுநாள் தேவராஜ் சார் சோதனைத் தாளில் நான்காவது கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் அந்த வரியை எழுதி, நகலெடுக்கக் கொடுத்தார். ரேவதி கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

இசக்கி புதன்கிழமை வேலைக்குத் திரும்பினார். பட்டியல் அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. அடுத்த பட்டியல் ஜூன் கடந்துதான் வந்தது; அதில் அவர் பெயர் இருந்தது. ஆனால் மகளை அதற்குள் ஊரிலேயே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. அந்த ஓராண்டும் நானும் அவரும் ஒரே வண்டிகளில்தான் வேலை செய்தோம். ஒவ்வொரு வண்டியிலும் சக்கரம் மாட்டி முடித்ததும் அவரே ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார்; நான் ஏறி மூடிகளைத் திறந்து, "மேலிருந்து எக்ஸ்" என்று உரக்கச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு சறுக்குப் பலகையைக் காலால் என் பக்கம் தள்ளுவார். நான் அடியில் போய், "கீழிருந்து டைமண்டு" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகே கையுறையைக் கழற்றுவார். வேறு பேச்சு இல்லை. அது கோபமா, வேலை ஒழுங்கா என்று கேட்கும் நெருக்கம் எங்களுக்குள் இருந்ததில்லை. பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தக் குழந்தை தகப்பனைப் பார்க்காமல் இன்னும் ஓர் ஆண்டு இருந்தது என்பதையும் நினைக்கிறேன். இரண்டையும் எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் சீருடைத் துணி வாங்கிக்கொண்டிருந்த குடும்பமொன்றைக் கடந்து போனபோது இசக்கி என்னைக் கூப்பிட்டார். மனைவி, மகள். சிறுமி ஒரு ஜோடிக் காலணியைப் போட்டுப் பார்த்து, கடைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இவங்கதான் ஜெசிந்தா மேடம்," என்று மனைவியிடம் சொன்னார். "நான் மாட்டுத வீலைப் பாக்குதவங்க. பாத்தா பாத்தேம்பாங்க. தெரியலன்னா, ஆரு தல போனாலும் தெரியலம்பாங்க."

அவர் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். சிரிக்க வேண்டுமா என்று அவருக்கும் விளங்கவில்லை என்று தோன்றியது. நான் வணக்கம் சொன்னேன். பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று கேட்டேன். இசக்கி பெயரைச் சொல்லி, "வேன் வாசலுக்கே வருது," என்றார்.